குடும்பப் பெயர் என்ற கட்டம்

"இதுல எதும்மா என்னோட குடும்பப் பேரு?"

பாலகிருஷ்ணன் அங்கிள் தன் பாஸ்போர்ட்டை என் மடிக்கணினிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சிங்கப்பூரில், கேலாங் ஈஸ்ட்டில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. வயது ஐம்பத்தாறு. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை. பெட்டிகளைப் பெரிய உலோகத் தட்டில் அடுக்கி, வலை போட்டு இறுக்கி, விமானத்துக்கு அனுப்புவார். அவருடைய அப்பா காத்தமுத்து தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "எங்கப்பா கப்பலுக்கு ஏத்துனாரு, நான் பிளேனுக்கு ஏத்துறேன். குடும்பம் கொஞ்சம் மேல வந்துருக்குல்ல?" என்று அங்கிள் சிரிப்பார். அவருக்கும் கண்மணி ஆன்டிக்கும் பிள்ளைகள் இல்லை. நானும் என் அண்ணனும் பள்ளி விட்டு வந்தால் ஆன்டி வீட்டில்தான் சாப்பிடுவோம்.

போன வருடம் ஆன்டிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. இனி நோயைக் குறைக்க வழியில்லை, வலியைத்தான் குறைக்கலாம் என்று இங்குள்ள டாக்டர்கள் சொன்னதும், தங்கை ரத்தினம்மாவுடன் இருக்கவேண்டும் என்று ஆன்டி கேட்டார். தங்கை இருப்பது தமிழ்நாட்டில், ஆன்டி பிறந்த ஊரில். அங்கிள் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போகிறேன் என்றதற்கு ஆன்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"வேலைய விட்டுட்டு என் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து என்ன செய்யப் போறீங்க? ரெண்டு பேருமா சேந்து சாகவா? வந்து வந்து போங்க, போதும்."

அங்கிள் வந்து வந்து போனார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மற்றவர்களோடு ஷிப்டு மாற்றிக்கொண்டு, இரண்டு நாள். கூட வேலை செய்யும் நூருல் அமீன் அவரைக் கிண்டல் செய்வாராம்: "என்னடா பாலா, சரக்கு ஏத்துறவன் இப்ப நீயே சரக்கா போய்க்கிட்டு இருக்க? உன்னையும் எடை போட்டு அனுப்பணும் லா."

விமானம் அங்கே பிற்பகல் மூன்றேகாலுக்கு இறங்கும். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் காரில் ஒரு மணி நேரம். மாலை ஆறு மணிக்கு ஒரு நர்ஸ் வந்து ஆன்டிக்கு வலி ஊசி போடுவார். அதைப் போட்டால் ஆன்டி காலைவரை தூங்கிவிடுவார். ஆகவே வந்து சேரும் நாளில் அவர்கள் பேசிக்கொள்வதற்கு இருந்தது ஆறு மணிக்கு முன்னால் உள்ள நேரம் மட்டும்தான். அந்த நேரத்தை ஒவ்வொரு தடவையும் பாஸ்போர்ட்டைச் சோதிக்கும் குடிநுழைவு வரிசை தின்றது. சில நாள் ஒரு மணி நேரம். இரண்டு விமானங்கள் சேர்ந்து இறங்கினால் இரண்டு மணி நேரம். எந்த நாட்டிலும் கூட்டம் சேர்ந்தால் அப்படித்தான். அந்த விமான நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை, யாரையும் குறை சொல்லவும் வரவில்லை.

அங்கிள் உள்ளே நுழைந்ததும் ஆன்டி முதலில் கேட்பது, "இன்னைக்கு யாரு முன்னாடி நின்னா?" என்பதுதான்.

"இன்னைக்கு ஒருத்தன், தலையில ஒரு தொப்பி, கையில ரெண்டு தொப்பி. ஏன்டான்னு கேட்டா, பெட்டி எடை கூடிருச்சாம்."

ஆன்டி சிரிப்பார். சிரித்தால் வயிறு இழுக்கும், இருந்தாலும் சிரிப்பார் என்று ரத்தினம்மா ஆன்டி என்னிடம் தொலைபேசியில் சொன்னார்.

அடிக்கடி பயணம் செய்பவர்கள் முன்கூட்டியே பதிந்துகொண்டால் வரிசையில் நிற்கவேண்டாம், தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடலாம் என்று தேக்கா வட்டாரத்தில் பயணச்சீட்டு எடுக்கும் கடையில் யாரோ அங்கிளிடம் சொன்னார்கள். நம்பகமான பயணி என்று ஏற்றுக்கொள்ளும் திட்டம். இந்தியாவுக்கு விசா இல்லாமல் போய்வர அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்ததால் அவரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இணையத்தில் விண்ணப்பம். அது ஏற்கப்பட்டபிறகு அங்குள்ள விமான நிலையத்தில் ஒரு முகப்பில், அதாவது கவுண்டரில், கைரேகையும் படமும் தரவேண்டும். அதன்பிறகு கதவு தானாகத் திறக்கும்.

நான் அப்போது பள்ளியில் ஓ லெவல் தேர்வு முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று முடிவெடுக்கப் பிடிக்காமல் வீட்டில் இருந்தேன். அவர் விண்ணப்பத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், அவர் பெயர் ஒரே வரியில் இருந்தது: பாலகிருஷ்ணன், பிறகு எஸ், ஒரு சாய்கோடு, ஓ, பிறகு காத்தமுத்து. இன்னாருடைய மகன் என்று பொருள். எனக்கும் அப்படித்தான், எஸ்ஸுக்குப் பதில் டி. இங்கே எந்தப் படிவத்திலும் முழுப்பெயர் என்று ஒரே கட்டம்தான் நான் பார்த்திருக்கிறேன். இந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று பெயர். மற்றது குடும்பப் பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். கட்டாயம் நிரப்பவேண்டும் என்பதற்கான நட்சத்திரக்குறி அதன் பக்கத்தில் இல்லை. ஆனால் பரீட்சையில் எந்தக் கேள்வியையும் காலியாக விடாதே என்று பத்து வருடம் கேட்டு வளர்ந்தவள் நான்.

"தாத்தா பேரப் போட்டுடலாமா அங்கிள்?"

"எங்கப்பா பேரா? போடு, போடு. வாழ்க்க பூரா லைன்ல நின்னு வேல கேட்ட மனுஷன். இப்பவாச்சும் நிக்காமப் போகட்டும்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அனுப்பினோம். ஒரு மாதத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. அதை அங்கிள் நூருல் அமீனிடம் காட்டினார். "அப்ப நீ இனிமே விஐபி. எங்களோடல்லாம் கோப்பிக் கடைக்கு வருவியா?" என்றாராம் அவர்.

கைரேகை தருவதுதான் பாக்கி. அடுத்த இரண்டு பயணத்திலும் அங்கிள் அதைச் செய்யவில்லை. அந்த முகப்பில் செலவாகும் அரைமணி நேரத்தை ஆன்டியிடமிருந்து எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. திரும்பும்போது கொடுக்கலாம் என்று நினைப்பார். திரும்பும் நாளில் கடைசி நிமிடம் வரை கட்டிலை விட்டு நகராமல், விமானத்தைப் பிடிக்க ஓடுவார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, வேலையில் இருந்தபோது ரத்தினம்மா ஆன்டியின் அழைப்பு வந்தது. "மாமா, இன்னைக்கே வந்துடுங்க. டாக்டர் இன்னைக்கு ஒரு நாளுதான்னு சொல்றாரு." நூருல் அமீன் அவர் கையிலிருந்த வலையை வாங்கிக்கொண்டு, "போ, நான் பாத்துக்கறேன், போடா" என்று தள்ளிவிட்டார். கடப்பிதழ் எப்போதும் பையில் இருந்தது. அன்றைய விமானத்தில் இடம் கிடைத்தது.

இறங்கியதும், விமானத்தின் கதவு திறப்பதற்கு முன்பே, ரத்தினம்மா ஆன்டிக்குக் குரல் பதிவு அனுப்பினார்: "வந்துட்டேன். இன்னைக்கு அந்த ஆட்டோமேட்டிக் கதவு வழியா வர்றேன், எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும். நாலரைக்கு அங்க இருப்பேன்னு அவகிட்ட சொல்லு."

அங்கே நினைவு தெளிவாக இருந்த ஆன்டி அதைக் கேட்டார். வலி அதிகமாகி, நர்ஸை முன்னதாகவே வரவழைத்திருந்தார்கள். ஊசி தயாராக இருந்தது. "நாலரைக்கு வந்துடுவாருல்ல? அப்புறம் போடுங்க. போட்டா தூங்கிடுவேன்" என்று ஆன்டி சொல்லிவிட்டார்.

குடிநுழைவுக் கூடத்துக்கு அங்கிள் வந்தபோது வரிசை பாதிதான் நிறைந்திருந்தது. அதில் நின்றிருந்தால் நான்கு இருபதுக்கு வெளியே வந்திருப்பார். அதே விமானத்தில் அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் வெளியே வந்தார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் பக்கத்தில் கைரேகைப் பதிவு முகப்பில் யாரும் காத்திருக்கவில்லை. கையில் மின்னஞ்சல் இருந்தது. ஐந்து நிமிட வேலை என்று நினைத்து அங்கே போனார்.

அதிகாரி வர இருபது நிமிடம் ஆனது. மரியாதையாகத்தான் பேசினார். கைரேகை எடுத்தார், படம் எடுத்தார், பிறகு திரையையும் கடப்பிதழையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சார், உங்க பாஸ்போர்ட்ல சர்நேமே இல்லையே. இதுல காத்தமுத்துன்னு தனியா போட்டிருக்கீங்க."

"அது எங்கப்பா பேருங்க."

"அப்பா பேருன்னு எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியணுமே. மேட்ச் ஆகல. திரும்ப அப்ளை பண்ணுங்க. இப்ப அந்த லைன்ல போயிடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தபோது இன்னும் இரண்டு விமானங்கள் இறங்கியிருந்தன. வரிசையின் கடைசி ஆளாகப் போய் நின்றார். மணி நான்கு.

இந்த இடத்தில் நான் அவரிடம் கேட்டேன், யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று. முன்னால் நின்றவர்கள் வழிவிட்டிருப்பார்களே, அந்த அதிகாரியே கூட்டிப் போயிருப்பாரே.

"சொல்லியிருக்கலாம்மா. 'எம் பொண்டாட்டி சாகக் கெடக்கறா, விடுங்க'ன்னு சொல்லணும். அந்த வார்த்தைய என் வாயால எப்படிச் சொல்றது? சொல்லிட்டா நடந்துடும்னு பயம். வீட்டுக்குப் போன் போட்டு லேட்டாகும்னு சொல்லவும் அதே பயம். நல்ல வார்த்தையா ஏதாவது தேடுனேன். தேடிக்கிட்டே நின்னேன்."

நாலரை மணிக்கு ஆன்டி நேரம் கேட்டார். அங்கிளிடமிருந்து வேறு செய்தி வராதபோதும் ரத்தினம்மா ஆன்டி, பாதி வழி வந்துவிட்டார் என்று பொய் சொன்னார். ஐந்து மணிக்கு மறுபடி கேட்டார். நர்ஸ் ஊசியை எடுத்தபோது ஆன்டி அவர் கையைத் தட்டிவிட்டார். ஐந்தரைக்குமேல் அவர் பேசவில்லை, வலியில் முனகிக்கொண்டு மட்டும் இருந்தார். அப்போது ஊசி போட்டார்கள். அது வேலை செய்யவில்லை, அல்லது வேலை செய்ய அதற்கு நேரம் இருக்கவில்லை. ஐந்து ஐம்பதுக்குப் போய்விட்டார்.

அங்கிள் ஐந்தே காலுக்கு வெளியே வந்து, ஆறு இருபதுக்கு வீட்டுக்குள் நுழைந்தார். எல்லோரும் அழுதார்களாம். அவர் ஊசிக்குழாயைப் பார்த்து, "இது எத்தன மணிக்குப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடித்துச் சிங்கப்பூர் திரும்பியபின் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், "தப்பு உன்னோடது இல்ல" என்றார். பிறகு, "இருந்தாலும் ஒரு வார்த்தை தெரியாதுன்னு சொல்லியிருந்தா, நான் தேக்காவுல கேட்டிருப்பேன்" என்றார். இரண்டும் உண்மை. அவர் இப்போது இரவும் பகலும் கூடுதல் ஷிப்டு கேட்டு வாங்கி வேலை செய்கிறார். எங்களோடு அதிகம் பேசுவதில்லை.

தான் சொன்ன நாலரை மணியை நம்பித்தான் அவள் வலியோடு கிடந்தாள் என்பதுதான் அவரை விடாமல் பிடித்திருக்கிறது. வேகமான வழியில் அவர் நம்பிக்கை வைத்தார், அதைவிட அதிகமாக அவர் சொல்லில் ஆன்டி நம்பிக்கை வைத்தார்.

அந்தத் திட்டம் நல்லதுதான், ஆயிரம் பேருக்கு உதவும். பெயர் கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, கைரேகையை அவசரம் இல்லாத நாளில் கொடுத்துவிடுங்கள். இதைப் படித்தவர்கள், இந்தியாவில் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க அடிக்கடி போய்வருகிற யாரையாவது தெரிந்தால், தயவுசெய்து அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அங்கிளின் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். முக்கியமாக ஒன்றைச் சொல்லுங்கள்: வரிசையில் மாட்டிக்கொண்டால், எவ்வளவு அமங்கலமான வார்த்தையாகத் தோன்றினாலும், ஏன் அவசரம் என்று முன்னால் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும்.