பத்து கனெக்‌ஷனும் ஓடிக்கொண்டிருந்தது

மோகனண்ணனை வெட்டிவிட்டார்கள்.

புதுச்சத்திரத்தில், என் வீட்டு கேட் முன்னாலேயே. ஞாயிற்றுக்கிழமை மதியம்... வெட்டியது அவருடைய பெரியப்பா மகன்கள் இரண்டு பேர்.

சேந்தமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் அடுத்தடுத்த தோட்டம். நடுவில் கிணற்றுக்குப் போகிற தடம். அந்த எட்டடித் தடத்துக்குத்தான் இத்தனையும்.

அண்ணன் சாது கிடையாது. செத்துப்போனவர் என்பதற்காகப் பொய் எழுத எனக்கு வராது. போன மாசம் அவர்களுடைய மோட்டார் பைப்பைக் கடப்பாரையால் உடைத்தவர் இவர்தான்.

நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தது ஃபேர்லேண்ட்ஸில், போர் போடுகிற ரிக் வண்டிக்கு ஸ்பேர்ஸ் விற்கிற ஒரு ஆபீஸ். ஒருநாள் ரிசப்ஷன் பெண்ணின் கையைப் பிடித்து ஒருத்தன் இழுத்தான். அண்ணன் கீபோர்டைப் பிடுங்கி அவன் மூக்கிலேயே அடித்தார். மூக்கு உடைந்துவிட்டது.

ரத்தத்தைத் துடைத்துவிட்டு அதே கீபோர்டில் ராஜினாமா லெட்டர் அடித்தார். ஒரு கீ ஒட்டிக்கொண்டு மக்கர் பண்ணியது. அதையும் திட்டினார்.

அதற்கப்புறம்தான் யூஸ்நெட் பைத்தியம். பழைய இன்டர்நெட் கிடங்கு மாதிரி அது... என்றைக்கோ யாரோ போட்ட ஃபைல்கள் துண்டு துண்டாகக் கிடக்கும். சர்வரோடு ஒரே நேரத்தில் பல கனெக்‌ஷன் போட்டு டவுன்லோடர் இழுத்துச் சேர்க்கும். அண்ணன் தேடியது எங்கேயும் கிடைக்காத ரிக் கம்ப்ரசர் மேனுவல்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்ட். மொத்தம் இருபது கனெக்‌ஷன்தான் சர்வர் விடும்.

"இது நம்ம பாகப்பிரிவினை. உனக்குப் பத்து, எனக்குப் பத்து. வரப்பைத் தாண்டுனயின்னா கைய வெட்டிப்போடுவேன் சாமி" என்றார்.

ஒரு தடவை தெரியாமல் பன்னிரண்டு போட்டுவிட்டேன். அவருக்கு எட்டுதான் கிடைத்தது. பைக்கில் நேராக வந்தார், மோடம் வயரைச் சுவரோடு பிடுங்கி எறிந்தார், காரை பெயர்ந்து கொட்டியது. அப்புறம் உட்கார்ந்து டீ கேட்டார்.

அதிலிருந்து சர்வர் விண்டோவைப் பார்ப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் பத்தும் ஓடும்போதே சும்மா பதினோராவது கனெக்‌ஷன் கேட்டுப் பார்ப்பேன். சர்வர் மறுத்தால் அவருடைய பத்தும் ஓடுகிறது, ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். வெளியே கிளம்பினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் போவார்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது. "பெரியப்பன் பசங்க அருவாளோட ஊட்டைச் சுத்தி வாரானுங்க."

"கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருங்கண்ணா. போலீசுக்குப் போன் பண்ணுங்க" என்று போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரே வார்த்தை. "வாரேன்."

எங்கள் பக்கம் பேச்சை முடிக்கும்போது யாரும் போறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்வார்கள். அண்ணன் மெசேஜை முடித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சிஸ்டத்தில் பதினோராவது கனெக்‌ஷன் போட்டேன். சர்வர் மறுத்தது. இரண்டு தடவை, மூன்று தடவை... மறுத்துக்கொண்டே இருந்தது.

ஆள் வீட்டுக்குள்தான் இருக்கிறார், போலீஸ் வந்துவிடும் என்று நிம்மதியானேன். "சரிங்ண்ணா" என்று பதில் போட்டேன். கேட்டைப் பூட்டிவிட்டு நாமக்கல்லுக்கு முடி வெட்டிக்கொள்ளப் போனேன்.

அவர் எதையும் நிறுத்தாமல் பின்பக்கமாகப் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்... என் வீட்டுக்கு.

எதிர் வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். அண்ணன் கேட்டைப் பிடித்து உலுக்கி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். பின்னாலேயே அவர்கள் இரண்டு பேரும் விரட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். முதல் வெட்டு தோளில். அதற்கப்புறமும் பூட்டை இழுத்தாராம். கேட்டுக் கம்பியில் அரிவாள் பட்ட தடம் நான்கு இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

நேற்று எரித்துவிட்டு வந்தோம். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அழுகை இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுக்கு வாரேன்னு அவரு ஒரு வார்த்த சொல்லலீங்களா?"

"சொன்னாருங்க."

அண்ணி உள்ளே போய்விட்டார்கள்.

மன்னிச்சிருங்கண்ணா.