அக்கா ஊற்றிய உறை

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் என்று நினைக்கிறேன். 'நல்ல கிருமி' என்று டெலிவிஷனில் புதிதாக ஒரு பேச்சு அடிபட ஆரம்பித்திருந்த சமயம். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் என் அக்கா வீடு. நான் வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில்தான், சில வீடு தள்ளி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரிடமும் சட்டென்று சண்டைக்கு நின்றுவிடுவேன். அக்கா அப்படியே நேர் எதிர். காலை மிதித்தால்கூட, மிதித்தவருக்கு வலித்ததா என்று கேட்கிற ரகம்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் நெய்தது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு கலர், கரை வேறு கலர். அதற்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். மாமா நடுவில் உட்கார்ந்து நெய்வார், அக்கா ஓரமாக உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிவிடுவாள். ஒருவர் எழுந்தாலும் தறி நின்றுவிடும். அக்காவால் உட்காரத்தான் முடியவில்லை.

அவளுக்குப் பெருங்குடலில் புண். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள். ரத்தமாகப் போகும். திரும்பி வந்து உட்கார்வாள், மறுபடியும் ஓடுவாள். அவள் வரும்வரை மாமா கையை மடியில் வைத்துக்கொண்டு தறியையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் சுளிக்க மாட்டார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

"திட்டினாக்கூடத் தேவலடி. அந்த மனுசன் சும்மா குந்திக்கினு இருக்கறதப் பாக்கத்தான் என்னால முடியல" என்று என்னிடம் சொல்லி அழுவாள்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அதைச் சாப்பிட்டதில் ரத்தம் குறைந்தது, ஆனால் முகம் ஊதிப்போய்விட்டது. கன்னம் இரண்டும் உப்பி, கண் உள்ளே போய், கல்யாண போட்டோவில் இருக்கிறவள் இவள்தானா என்று கேட்கும்படி ஆகிவிட்டாள். வீட்டில் இருந்த கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டிவைத்தாள். மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், என்ன செய்வது என்று பெருமூச்சு விடுவாள்.

அப்போதுதான் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு கம்பெனி ஆள் ஐஸ் பெட்டியோடு வந்தார். அம்மன் கோயில் மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கப் தயிர் கொடுத்தார். சாதாரணத் தயிர் இல்லையாம், புரோபயாட்டிக் தயிராம். கப்பின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஜீரணத்துக்கு நல்லது, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று போட்டிருந்தது.

"வயித்துல புண்ணு இருக்கறவங்க சாப்புடலாமா தம்பி?" அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"வயித்துக்கு ரொம்ப நல்லதும்மா. இதுல கோடிக்கணக்குல நல்ல கிருமி உயிரோட இருக்குது. உள்ள போயி கெட்டதையெல்லாம் வெரட்டிடும்."

குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. குணமாகாது என்றும் சொல்லவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தேன், வெகு நாளைக்குப் பிறகு அதில் ஒரு களை தெரிந்தது.

எல்லோரும் அங்கேயே கப்பை வழித்து நக்கிவிட்டோம். அவள் மட்டும் தன் கப்பை முந்தானையில் மூடி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். காய்ச்சி ஆறிய பாலில் அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து உறை ஊற்றிவிட்டாள்! தினம் ஒரு கப் வாங்குகிற வசதி எங்கள் தெருவில் யாருக்கு இருந்தது?

"இன்னாடி சிரிக்கற? கிருமி உயிரோடதான இருக்குது? பால் ஊத்தினா பெருகாதா?" என்றாள்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் கட்டித் தயிர், கத்தி வைத்து வெட்டலாம் போல. அவ்வளவுதான், செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு உறை மோர் கொடுக்க மாட்டார்கள், வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். அதனால் பொழுது சாயுமுன்னே ஆளாளுக்கு டம்ளரைத் தூக்கிக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்கள். என் எதிர்வீட்டு அம்மா ஒருவர் இருந்தார், சாஸ்திரத்தில் ரொம்பக் கறார். சாமியே வந்து கேட்டாலும் விளக்கு வைத்த பிறகு உப்புக்கல் கூடத் தர மாட்டார். அவர்கூட வந்து வாங்கிப் போனார். தெருவே அதற்குக் கம்பெனித் தயிர் என்று பேர் வைத்துவிட்டது. கொடுத்துக் கொடுத்து அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்கும் உடம்பு தேறியது. கொல்லைப்பக்கம் ஓடுவது குறைந்தது. ஒருநாள் காலையில் தறியில் உட்கார்ந்தவள் மத்தியானம்தான் எழுந்தாள். அன்றைக்கு மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்க அக்கா இன்னைக்கு எழுந்திரிக்கவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னிடம் தானாக வந்து பேசியதே அபூர்வம். கொஞ்ச நாளில் அக்காவின் முக வீக்கமும் வடிந்தது. பழைய கன்னம் வந்துவிட்டது, பழைய சிரிப்பு வந்துவிட்டது என்று நான் அவளைச் சீண்டினேன். கண்ணாடியை மறுபடி நேராக மாட்டினாள். பார்த்தவர்களெல்லாம் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார்கள். முகம் ஏன் வடிந்தது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆடி மாசம் ஒரு மத்தியானம் ஜெராக்ஸ் கடைக்கு போன் வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அக்கா தறிக்குப் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் கொதித்தது. வயிறு கல் மாதிரி இறுகி உப்பியிருந்தது. புடவையெல்லாம் ரத்தம். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வேனில் என் மடியில்தான் தலைவைத்துப் படுத்திருந்தாள். மாமா காலடியில் உட்கார்ந்திருந்தார். வண்டி ஊரைத் தாண்டியதும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாத்திரைய வுட்டுட்டேன்டி" என்றாள். "எப்பவோ வுட்டுட்டேன். அதான் தயிரு இருக்குதேன்னு."

மாமாவைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் தெரியும். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

குடலில் ஓட்டை விழுந்து உடம்பெல்லாம் விஷம் பரவிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. "தயிர் சாப்பிட்டது தப்பில்லம்மா. மாத்திரையை நிறுத்தினதுதான்" என்று டாக்டர் தன்மையாகச் சொன்னார். போன வழியிலேயே அவளைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம், அதைச் சொல்லி முடியாது. என் வீட்டில் இருந்த தயிர்ச் சட்டியை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். கடையில் அந்தக் கம்பெனிக் கப் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக நகராட்சி ஆபீஸுக்குப் போனேன். உணவுப் பொருளைச் சோதிக்கிற ஆய்வாளர் ஒருவர் இருந்தார். மேசையில் கப்பை வைத்து, இவர்கள் மேல் கேஸ் போடுங்கள் சார் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கப்பைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"நான் பாக்கறது கலப்படம்மா. கொழுப்பு சரியா இருக்குதா, மாவு கீவு கலந்திருக்கான்னு சாம்பிள் எடுத்து அனுப்புவேன். எந்தக் கிருமி, எவ்வளவு இருக்கணும், டப்பா மேல இன்னா எழுதலாம், எழுதக் கூடாதுன்னு இதுக்குன்னு தனியா ஒரு விதியும் என் கையில இல்ல. புதுச் சட்டம் வரப்போவுதுன்றாங்க. இதுல நோய் குணமாவும்னு எங்கயும் போடலியே."

"அப்ப எங்க அக்கா சும்மா செத்துப்போனாளா சார்?"

கப்பை மேசையில் வைத்தார். பிறகு, "அவங்க சாப்புட்டது இந்தக் கப்புலயா, வீட்டுல உறை ஊத்தினதா?" என்று கேட்டார்.

"வீட்டுல ஊத்தினது."

"உறை மேல உறை ஊத்தினா, அந்தக் கம்பெனிக் கிருமி இருக்குதா செத்துப்போச்சான்னே சொல்ல முடியாதும்மா. உங்க வீட்டுச் சட்டிக்கு நான் யார் மேல கேஸ் போடறது?"

கப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது, உலுக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தயிரே கிடையாது. மாமா தறியைக் கோர்வை இல்லாத புடவைக்கு மாற்றிக்கொண்டு தனியாக நெய்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். கார்த்திகை மாசம் என்று ஞாபகம், ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டே, "கொஞ்சம் மோர் இருந்தா ஊத்தும்மா" என்றார். வாயைத் திறந்து அவர் கேட்டது அந்த ஒன்றுதான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நாளைக்கு ஊற்றுகிறேன் மாமா என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் பாலைக் காய்ச்சி ஆறவைத்தேன். உறைக்கு எங்கே போவது? விளக்கு வைத்து வெகு நேரம் ஆகிவிட்டது. தெரிந்தேதான் எதிர்வீட்டுக்குப் போனேன்.

"உறை மோரா? இந்நேரத்துலயா?" என்றார் அந்த அம்மா. சாமி மாடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கைத் திரும்பிப் பார்த்தார். மாமாவுக்காக என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"எடுத்துனு போ. உங்க அக்கா குடுத்த உறைதான். ஒருநாள் வுடாம ஊத்திக்கினு வர்றேன். இந்தத் தெருவுல யார் வீட்ல கேட்டாலும் அதாம்மா இருக்குது."

வாசலிலேயே நின்று அழுதேன். சாவு வீடு என்று அக்காவின் சட்டியைக் கவிழ்த்துக் கழுவியாகிவிட்டது. என் சட்டியை நானே கொட்டினேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் அத்தனை வீட்டிலும் அது இருந்திருக்கிறது. கிண்ணத்தைச் சுவரில் அடித்து உடைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பாலில் அதை ஊற்றி மூடிவைத்தேன். மறுநாள் ராத்திரி மாமா சோற்றில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு, நல்லா இருக்குதும்மா என்றார். அது யார் ஊற்றிய உறை என்று இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது இதற்கெல்லாம் விதி வந்துவிட்டது என்கிறார்கள். எந்தக் கிருமி, எவ்வளவு என்று கப்பில் போட வேண்டுமாம், இது மருந்து இல்லை என்றும் எழுத வேண்டுமாம். கடையில் கப்பை எடுத்து அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வைத்துவிடுவேன். வீட்டில் அதே உறைதான் இன்றும் ஓடுகிறது. அதில் கம்பெனியின் கிருமி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, என் அக்காவின் கை இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சாயங்காலமும் பாலில் அதை ஊற்றும்போது, கொட்டவும் மனசு வராமல், மன்னிக்கவும் மனசு வராமல், ஒரு நிமிஷம் ஸ்பூனோடு அப்படியே நின்றுவிடுகிறேன்.