பின்சீட்டில் மாமியார்

தஞ்சோங் காராங்கில் ஒரு கடையில் பழைய ஸ்போர்ட் ரிம் நான்கு வாங்கி என் காரில் மாட்டினேன். அகலமும் சரி, போல்ட் ஓட்டைகளும் சரி. தனியாக ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவி, பிள்ளைகள், மாமியார், செகிஞ்சானில் வாங்கிய இரண்டு மூட்டை அரிசி எல்லாம் ஏறியதும், மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பின்டயர் மட்கார்டில் உரசியது.

மறுநாள் கடைக்கார அண்ணன் ரிம்மின் உள்பக்கத்தைத் துடைத்து 35 என்ற எண்ணைக் காட்டினார். என் பழைய ரிம்மில் 45.

“இதான் ஆஃப்செட். நம்பர் கொறஞ்சா டயர் வெளிய தள்ளும்லா.”

எனக்கு எரிச்சல். எண் குறைந்தால் டயர் உள்ளேதானே போக வேண்டும்? அவர் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். ரிம் காரோடு ஒட்டும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதே அந்த எண். அது பத்து குறைந்தால் சக்கரம் முழுவதும் பத்து மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும்.

சனிக்கிழமை 45 எண் போட்ட ரிம் மாட்டினார். இந்த முறை குடும்பத்தையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டே போயிருந்தேன். அண்ணன் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

மாமியார் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

“மொதல்லயே என்னை ஏத்திப் பாத்திருக்கலாம்லா.”