மத்த கை

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நண்பர். "மனசே மரத்துப்போச்சு சார்" என்றார். டீயை மட்டும் ஊதி ஊதிக் குடித்தார்!

எனக்கு அக்கா ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். வலது கைச் சுண்டுவிரலில் நூல் அறுத்து ரத்தம் வருகிறது... அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் முதலில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான்தானே? ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் துணைக்கு அனுப்பினாள் அம்மா.

அங்கே ஒரு நர்ஸம்மா கையில் பஞ்சுத் திரி. "கண்ணை மூடு தாயி. தொட்ட இடத்தைக் காட்டு."

அக்கா 'டக் டக்'கென்று காட்டினாள். நர்ஸம்மா சிரித்துவிட்டார்.

"நான் இன்னும் தொடவே இல்லையே!"

பஞ்சு கிட்டே வரும்போதே ஓரக்கண்ணால் பார்த்துக் காட்டியிருக்கிறாள். கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயம்.

தொழுநோயின் ஆரம்பம். மாத்திரையில் குணமாகிவிடும், ஆனால் விரலில் உணர்ச்சி திரும்புவது சந்தேகம் என்றார்கள். அம்மா அழுதாள். அக்கா அழவில்லை. "எனக்கு ஒண்ணுமே தோணலடா" என்றாள். விரலுக்கு வந்தது மனசுக்கும் வந்துவிட்டதோ?

"கல்யாணம் முடியுற மட்டும் மூச்சு விடாதட்டி" என்று அம்மா சத்தியம் கேட்டாள்.

அக்கா சத்தியம் செய்யவில்லை. மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மாப்பிள்ளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் லேத் பட்டறை. நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்குத் தொழுநோய்க்கு வைத்தியம் நடக்கு. இந்த விரலத் தொட்டாத் தெரியாது. பொறவு யாரும் கேக்கப்படாது... அதான் சொல்ல வந்தேன்."

அவர் கை கிரீஸைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மத்த கை?"

"அது தெரியும்."

"அப்பம் அதப் பிடிச்சுக்கிடுதேன்."

அப்போதுதான் அக்கா அழுதாள். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

கல்யாணத்தன்று தாலி கட்டியாயிற்று. மணமேடையைச் சுற்றிவர வேண்டும். பெண்ணின் வலது சுண்டுவிரலை மாப்பிள்ளை பிடித்துக்கொள்வது வழக்கம். இவர் இடது கையைப் பிடித்தார்.

"மாப்ளே, வலது கை!" என்று ஐயர் அதட்டினார். "பதட்டத்துல கையே தெரியலை போல" என்று கூட்டம் சிரித்தது.

அத்தான் விடவில்லை. "இதுலதான் சாமி அவளுக்குத் தெரியும்" என்றார்.

எவ்வளவு பெரிய மனசு! அதைவிடப் பெரிது, முதலில் பஸ் ஏறிய மனசு — இல்லையா?

பஸ் ஸ்டாண்ட் நண்பரே... மத்த கையைத் தொட்டுப் பார்த்தீர்களா?