செட்டு செத்துவிட்டது என்ற தீர்மானம்

கலியபெருமாள் மாமா இருட்டில் யாரோடும் பேச மாட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். பொழுது சாய்ந்த பிறகு யாராவது வழியில் நிறுத்தி ஏதாவது கேட்டால், அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவிளக்கின் அடிக்கு இழுத்துக்கொண்டு போவார். அங்கே நிறுத்திவைத்து, "ம், இப்ப சொல்லு" என்பார். கரண்ட் போனால் பேச்சும் பாதியில் நிற்கும். வந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்கச் சொல்வார். முதலியார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் இதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அவர் பஞ்சாலையில் தறிப் பிரிவு. என் அப்பாவும் அதே பிரிவுதான். அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கும் இடத்தில் தொண்டையால் ஒரு பயனும் இல்லை. அங்கே சத்தமில்லாமல் வாயசைத்துப் பேசுவார்கள். மிச்சத்தைக் கை சொல்லும். வீட்டில் அப்பா தண்ணீர் கேட்பதும் அப்படித்தான். நான் எழுத்துப் படிப்பதற்கு முன்பே உதடு படிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு எங்கள் வீட்டில் முதல் ஆளாக பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சும்மா இருந்தேன். படித்ததற்கு அடையாளமாகத் தெருவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் என்னைக் கூப்பிட்டார்கள்.

மாமாவின் ஒரே மகள் சுலோசனா. தாய் இல்லாத பெண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து குடியுரிமை பெற்ற ஒரு சொல்தா வீட்டுப் பையனை, அப்பாவிடம் சொல்லாமல் மெரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டு, பாரிசுப் பக்கம் போய்விட்டாள். மூன்று வருடம் இரண்டு பக்கமும் கடிதம் இல்லை. எண்பத்து நான்காம் ஆண்டு கோடையில், வக்கான்ஸ் விடுமுறைக்கு அங்கிருந்து வந்த ஒருவர் மாமாவிடம் ஒரு வாக்மேனைக் கொடுத்தார். உள்ளே கேசட் இருக்கிறது, உங்கள் பெண் அதில் பேசியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி முழுக்க மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு சங்கக் கொடிக்கம்பத்துக்கு வந்தார். தறிப் பிரிவுக் கமிட்டி அங்கேதான் கூடும். மாமா, செயலாளர் சாமிக்கண்ணு, அம்மாவாசை, என் அப்பா. அம்மாவாசை ஆடு வாங்கியதுகூட அந்தக் கமிட்டியின் ஓட்டெடுப்பில்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆராய்ச்சி பாதியில் இருந்தது. பேட்டரிகளை அம்மாவாசை நாக்கில் வைத்துப் பார்த்து, புளிக்கிறது, உயிர் இருக்கிறது என்று சான்று கொடுத்திருந்தார். சாமிக்கண்ணு ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். கேசட்டின் இரண்டு சக்கரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன.

"தறி ஓடுது," என்றார். "துணி வரல."

அப்பா மாட்டிப் பார்த்து, ஏதோ கொசு பாடுகிறது, மோட்டார்க் கோளாறாக இருக்கும் என்றார். வெளிநாட்டுச் சரக்கு, வெயில் பழகவில்லை என்றார் அம்மாவாசை. பழகும்வரை உள்ளிருப்பு வேலைநிறுத்தம் செய்கிறதாம்.

நான் வாங்கி மாட்டினேன். சுலோசனா பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் முழுசாகத் திருப்பி வைத்திருந்ததால் என் காதே வலித்தது.

செட் நன்றாக இருக்கிறது, பேசுகிறது என்று சொன்னேன். நால்வரும் என் வாயைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமிக்கண்ணு முறைப்படி ஓட்டுக்கு விட்டார். செட் செத்துவிட்டது என்பவர்கள் கை தூக்கலாம். நான்கு கைகள் எழுந்தன. கடன் வாங்கி என்னைப் படிக்கவைத்த அப்பாவின் கையும் அதில் ஒன்று. நான் என் கையைத் தூக்கப் போனேன்.

"உனக்கு ஓட்டு இல்ல தம்பி. நீ மில்லு ஆளு கெடையாது," என்றார் சாமிக்கண்ணு.

அவர் சொன்னது சரிதான். நான் எந்த இடத்து ஆள் என்பது எனக்கும் அப்போது தெரியாது. நாலு பேர் கேட்கவில்லை என்று சொல்லும் குரல் ஒருவனுக்கு மட்டும் கேட்டால், இயற்பியல்படி அதற்கு என்ன பெயர் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் சிகரெட் அட்டையில் தீர்மானம் எழுதியாகிவிட்டது. அடுத்த நடவடிக்கையும் முடிவானது: செட்டைப் பிரித்து, கேசட்டோடு மண்ணெண்ணெயில் ஊறப்போடுவது. தறியின் எந்தப் பாகம் கெட்டாலும் செய்கிற வைத்தியம் அது.

ஊறப்போட்டால் சுலோசனா போய்விடுவாள். வேறு வழி தெரியாமல், டேப்பை முதலுக்குச் சுற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, மாமாவுக்கு நேரே நின்று, அவள் பேசப் பேச நான் சத்தமில்லாமல் வாயசைத்தேன்.

மாமாவின் முகம் மாறியது. மற்ற மூவரும் நெருங்கி வந்து என் வாயைப் படித்தார்கள். ஒரு வீட்டு ரகசியத்தைக் கமிட்டி மொத்தமும் படிக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவ்வழியே சைக்கிளில் போனவர் இறங்கி, நான் வாயைத் திறந்து மூடுவதையும் நாலு பெரியவர்கள் அதைக் கும்பிடாத குறையாகப் பார்ப்பதையும் கவனித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினார்.

குளிரைப் பற்றி, ரொட்டியைப் பற்றி, பையன் நடக்கத் தொடங்கியதைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் இப்படிச் சொன்னாள்: "மூணு வருசம் ஆவுதுப்பா. கோவம் போச்சா, போவலயா? ஒரு வார்த்த எழுதிப் போடு. போயிடுச்சின்னா ஆடித் தேருக்குக் கொழந்தையோட வரேன். போவலன்னா வரல."

மூன்று தலைகளும் மாமா பக்கம் திரும்பின. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செட்டு செத்துடுச்சின்னு தீர்மானம் ஆயிடுச்சே," என்றார்.

சாமிக்கண்ணு தர்மசங்கடத்தோடு ஒப்புக்கொண்டார். ஒரு கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை அதே கூட்டத்தில் ரத்து செய்ய முடியாது. அடுத்த கூட்டத்தில், நால்வரும் இருந்தால், செய்யலாம். அதுவரை செட் பேசவில்லை. பேசாத செட் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவது எப்படி?

அடுத்த ஞாயிறு ஓர் ஆள் குறைந்தது. அதற்கடுத்த ஞாயிறும் குறைந்தது. குறைந்த ஆள் எப்போதும் கலியபெருமாள் மாமாதான். நான் வீட்டுக்கே போய்க் கேட்டேன், நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். "சொல்றேன் தம்பி," என்றார். கோபமா, கூச்சமா, காது போனதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற தயக்கமா, எனக்குப் பிடிபடவில்லை. அந்த வருடத் தேரன்று விடிவதற்குள் மாமா தேர் ஓடும் வீராம்பட்டினத்துக்குப் போய், பஸ் வந்து நிற்கிற இடத்தில் வெயில் ஏறும்வரை நின்றதாக அம்மாவாசை சொன்னார். கேட்டதற்குக் கருவாடு வாங்க வந்தேன் என்றாராம். கையில் பை இல்லை.

இரண்டு வருடம் கழித்து, மஞ்சள்காமாலையில் மாமா போய்விட்டார். கருமாதிக்கு சுலோசனா மகனோடு வந்தாள். பந்தி முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தாள். அவள் பேசியதை அவருக்குச் சொன்னது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா என்னா பதில் சொன்னாரு?"

கோபம் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் என்னுடையது அல்ல.

"சொல்றேன்னு சொன்னாருக்கா," என்றேன்.