பார்க்காமல் சொன்ன பதில்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓணத்துக்கு முந்தின வாரம் நடந்தது இது. நாங்கள் இருப்பது சின்னக்கானல் பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள், முன்னால் நீளமாக ஒரு சிமெண்ட் வாசல், வாசலை விட்டு இறங்கினால் தேயிலை. வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். நான் ஒரு ரிசார்ட்டில், அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு மேற்பார்வை. மதியம் போனால் இருட்டினபிறகுதான் திரும்புவேன்.

இந்த ஒரு வேலை போதாதா? எனக்குப் போதவில்லை. காலையில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பேன். டூரிஸ்ட்காரர்கள் வாங்கிப்போகிற வீட்டுச் சாக்லேட்டை ஒரு கடைக்காக காகிதத்தில் சுற்றி டப்பாவில் அடைத்துக் கொடுப்பேன். மகளிர் குழுவுக்கு நான்தான் செயலாளர். கோயில் கொடைக்கு வரி பிரிக்க ஆள் வேண்டுமா, பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டத்துக்குப் பேச ஆள் வேண்டுமா, கேட்டு வாயை மூடுவதற்குள் "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுவேன். "இவ ஒருத்தி இல்லன்னா இந்த லயமே ஓடாது" என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ச்சிக்காகவே அடுத்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

வீட்டைக் கேட்கவே வேண்டாம். கட்டிலில் படுக்க வேண்டுமென்றால் துணி மூட்டைகளைத் தரையில் இறக்க வேண்டும். தரையில் நடக்க வேண்டுமென்றால் மறுபடி கட்டிலில் ஏற்ற வேண்டும். வெட்டாத துணி, வெட்டின துணி, தைத்து முடித்தும் யாரும் வந்து வாங்கிப்போகாத துணி, சாக்லேட் டப்பா, என்றைக்காவது உதவும் என்று எடுத்து வைத்த கவர்கள். "நம்ம வீட்டுக்குள்ள ஆனை வந்தாக்கூட நிக்க எடமில்லாம அதுவா திரும்பிப் போயிரும்" என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். நானும் சிரித்துக்கொள்வேன். ஒழுங்குபடுத்த ஒரு நாள் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே வருடங்கள் போயின.

யானை என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் அது கேலிக்கு மட்டும் உரிய பேச்சு இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல, வழியில் யானை நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் நாங்கள் வெளியே இறங்குவோம். வனத்துறை வாட்சர் ஒருவர் விடியுமுன்பே சுற்றிப் பார்த்து, எங்கே எது நிற்கிறது என்று போன் குரூப்பில் பேசி அனுப்புவார். எங்கள் லயத்தில் டவர் சரியாகக் கிடைக்காது. கடைசி வீடான என் வீட்டில் மட்டும் நன்றாக வரும். அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் என் வாசலில் ஒரு நிமிடம் நின்று "வழி எப்படி?" என்று கேட்பார்கள். நான் போனைப் பார்த்துச் சொல்வேன். வழி சுத்தம் என்றால் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை, இல்லையென்றால் சுற்றிக்கொண்டு ரோடு. என் வாயிலிருந்து வார்த்தை வராமல் யாரும் குறுக்குப் பாதையில் கால் வைக்க மாட்டார்கள். இந்தப் பொறுப்பையும் யாரும் என் தலையில் கட்டவில்லை. நானாக வலியப்போய் வாங்கிக்கொண்டதுதான்.

அந்த வாரம் ஓண அவசரம். ரிசார்ட்டில் என்னோடு வேலை செய்கிற மலையாளப் பெண்களுக்கெல்லாம், ஓணத்துக்குக் கட்டுகிற செட்டுச் சேலைக்கு பிளவுஸ் தைத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தேன். அன்று மதியம் கொடுத்தாக வேண்டும். பொழுது விடியும்போதே மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். போன் ஓயாமல் டிங் டிங் என்று கத்திக்கொண்டிருந்தது. சீட்டுக் குரூப், ஸ்கூல் குரூப், ரிசார்ட் குரூப், ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் சொல்கிறவர்கள். எரிச்சலில் சத்தத்தை மொத்தமாக அமர்த்தி எங்கேயோ வைத்தேன். யானைக் குரூப்புக்கு மட்டும் தனியாகச் சத்தம் வைத்துக்கொள்ள மகள் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தாள். அதைச் செய்ய எனக்கு ஓய்வு வாய்க்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மதினி வந்தார்கள். சொந்த மதினி இல்லை. அவர்கள் வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் பூர்வீகம் ஒரே ஊர், அந்த முறையில் மதினி. கொழுந்து பறிக்கிற வேலை. லயத்துக் குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். நான் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்து, தினமும் என் குடத்தையும் சேர்த்து நிரப்பி வைப்பது அவர்கள்தான். அன்றும் கூடையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று குரல் கொடுத்தார்கள்.

"ஏளா, தண்ணி புடிச்சு வச்சிருக்கேன், மூடிக்கோ. வழி எப்படி?"

நான் நிமிரவில்லை. கைப்பட்டி பொருந்தாமல் இழுத்துக்கொண்டிருந்தது. வாயில் குண்டூசிகள். போன் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எழுந்து தேட வேண்டும். அந்தக் குவியலுக்குள் தேடுவதென்றால் சும்மாவா? நேற்றும் முந்தாநாளும் வழியில் ஒன்றும் இல்லை, இன்றைக்கு மட்டும் என்ன வந்துவிடப்போகிறது என்று ஒரு நினைப்பு. ஊசிக்கு நடுவிலேயே "ஒண்ணுமில்ல மதினி, போங்க" என்று சொல்லிவிட்டேன்.

மதினி உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றது எனக்கு நிழலாகத் தெரிந்தது. என்னவோ கேட்க வந்த மாதிரி இருந்தது. பிறகு செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. அப்பாடா என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் நினைத்தேன்.

பின்கழுத்து எப்படி வெட்ட வேண்டும் என்று ஒரு பெண் படம் அனுப்பியிருந்தாள். அதைப் பார்ப்பதற்காகப் போனைத் தேடினேன். ஒருத்தி உயிரோடு வேலைக்குப் போய்ச் சேர வழி கேட்டபோது எழாத நான், ஒரு கழுத்து டிசைனுக்காக எழுந்தேன். மூட்டைகளைப் புரட்டிப் போட்டதில், லைனிங் துணிக்கு அடியில் கிடந்தது. திறந்தால் முதலில் வாட்சர் குரல். "தண்ணித் தொட்டிக்குக் கீழ, குறுக்குப் பாதையில ஒத்த ஆனை நிக்குது. யாரும் அந்த வழி எறங்க வேண்டாம். ரோடு வழி போங்க." மதினி வந்து நின்றதற்கு வெகு நேரம் முன்னாலேயே வந்துவிட்ட செய்தி. அதற்குக் கீழே அவருடைய இன்னொரு செய்தி. "மேல் லயத்துல சொல்லியாச்சா? யாராவது பதில் போடுங்க." மேல் லயம் எங்களுடையது, பதில் போட வேண்டியவள் நான். யாரும் போடவில்லை.

ஆத்தாடி! செருப்பு போடாமல், கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடினேன். பனி மூடிக் கிடந்தது. "மதினி, மதினி" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். பாதி இறக்கத்தில் இரண்டு ஆண்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். கீழே ரோட்டில் ஆட்கள் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பனி கொஞ்சம் விலகினபோது பார்த்தேன். பாதையின் நடுவில் யானை. அதன் காலடியில் நசுங்கிக் கிடந்தது மதினியின் கூடை. மதினியைக் காணவில்லை.

அந்த நேரத்தை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை. வேண்டாத தெய்வம் இல்லை. யானை சாவகாசமாகத் தும்பிக்கையால் கூடையைப் புரட்டிப் பார்த்தது, காதை ஆட்டியது, மனசு வந்தபோது சோலைப் பக்கம் ஏறிப் போயிற்று. ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பாதையோரக் கானுக்குள், தேயிலைச் செடிகள் மேலே கவிந்திருந்த தண்ணீர் வழிக்குள், மதினி வாயைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். உயிர் இருந்தது. விழுந்த வேகத்தில் கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த வலியிலும் சத்தம் காட்டாமல் கிடந்திருக்கிறார்கள்.

ஜீப்பில் ஏற்றும்போது ஒரு பெரியவர் மதினியைத் திட்டத் தொடங்கினார். அவருக்குப் பயம் கோபமாக வந்தது.

"வழி கேக்காமயா எறங்குன? இத்தன வருசமா இருக்க, கொஞ்சமாவது புத்தி வேண்டாமா?"

மதினி கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்கள். "அவசரத்துல எறங்கிட்டேண்ணே."

நான் ஜீப்புக்குப் பக்கத்தில்தான் நின்றேன். 'கேட்டாங்க, நான்தான் பார்க்காமல் சொன்னேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாய் திறக்கவில்லை. எல்லாரும் மதினியைக் குறை சொல்லிக்கொண்டே கலைந்து போனார்கள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து, மிஷினில் உட்கார்ந்து, அந்த பிளவுஸ்களை முடித்தேன். மதியம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கொள்ளாம் சேச்சி, சொன்ன நேரத்துக்குத் தந்துட்டீங்களே" என்று அந்தப் பெண்கள் சந்தோஷப்பட்டபோது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் ரிசார்ட்டில் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினியின் காலில் மாவுக்கட்டு. பக்கத்தில் அவர்கள் வீட்டுக்காரர். வாங்கிப்போன ஆரஞ்சுப் பையைக்கூடக் கீழே வைக்காமல், இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். போனைப் பார்க்கவில்லை, செய்தி வந்திருந்தது, பார்க்காமலே ஒன்றுமில்லை என்றேன், ஜீப்புக்குப் பக்கத்திலும் வாய் திறக்காமல் நின்றேன். அந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டீ வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்து வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மதினி என் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தார்கள்.

"எனக்குத் தெரியும்ளா. நீ போனப் பாக்கலன்னு அப்பவே தெரியும். வாயி நெறைய ஊசி, கண்ணத் தூக்கக்கூட இல்ல. ஒரு தடவ பாத்துச் சொல்லுன்னு கேக்கலாம்னுதான் நின்னேன். பாவம், அவளே மூச்சு முட்டிக் கெடக்கா, நாம வேற எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு எறங்கிட்டேன். சாரமில்ல, விடு."

சாரமில்லையாம், பரவாயில்லையாம். நான் உட்கார்ந்த இடத்திலேயே கூனிக் குறுகிப்போனேன். அவர்கள் என்மேல் கோபப்பட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். தன் உயிரைவிட என் தையல் பெரிது என்று எண்ணி அல்ல, என்னிடம் ஒரு நிமிடம் கேட்பதற்கே கூச்சப்பட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை அவர்களுக்குப் பழக்கியது யார்? ஐயோ வேலை, ஐயோ நேரமில்லை என்று வருடக்கணக்காகத் தம்பட்டம் அடித்தவள் நான்தானே.

லயத்துக்கு வந்து, தண்ணீர் பிடிக்கப் பெண்கள் கூடியிருந்த நேரத்தில் நடந்ததைச் சொன்னேன். பெரியவரிடமும் தனியாகப் போய்ச் சொன்னேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் என் வாசலில் யாரும் நிற்கவில்லை. மூன்றாவது வீட்டில், எஸ்டேட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், டவருக்காக ஒரு கம்பியெல்லாம் கட்டி வைத்து வழி சொல்ல ஆரம்பித்திருந்தார். மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, கால்கள் என் படியைத் தாண்டிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் மகளும் நானுமாக வீட்டைக் கவிழ்த்துப் போட்டோம். தைக்க முடியாத துணிகளை அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்தேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஒருத்தி நல்லாவே திட்டினாள், வாங்கிக்கொண்டேன். சாக்லேட் வேலையை விட்டேன். செயலாளர் பதவிக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். போனில் பாதிக் குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். நான் இல்லாமல் எதுவும் நின்றுவிடவில்லை. ஒரு வாரம் ஆகியும் யாரும் என்னைத் தேடவில்லை. அதுவும் ஒரு அடிதான்.

மதினி நடக்கிற வரைக்கும் இரண்டு வீட்டுத் தண்ணீரையும் நான் பிடித்தேன், அவர்கள் வீட்டு உலையையும் நான் வைத்தேன். "பரவால்லையே, ஒனக்குச் சோறும் பொங்கத் தெரியுதே" என்று கட்டிலில் இருந்தபடியே கேலி பேசுவார்கள். சிரிப்போம். இப்போது கொழுந்துக்குப் போகிறார்கள், ஏற்றத்தில் மட்டும் ஒரு காலைச் சற்று இழுத்து வைக்கிறார்கள். அந்தக் காலை நான் நேராகப் பார்ப்பதில்லை.

இன்றைக்கும் யாராவது என் வாசலுக்கு வந்து, "வேலையா இருக்கியா, சரி அப்புறம் வாரேன்" என்று திரும்பினால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பிடித்து உட்கார வைக்கிறேன். உயிர் பிழைக்கக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக்கூட எனக்கு இடைஞ்சல் என்று விழுங்கிக்கொண்டு ஒருத்தி இறங்கிப்போகும்படி நான் வாழ்ந்திருக்கிறேன்; அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.