இல்லாத இரண்டு வேட்பாளர்கள்

கருத்துக்கணிப்பு என்றால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள், அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். எங்களுக்குக் கொடுத்த டேப்லெட்டில் கட்சியே கிடையாது. நிஜத்தில் இல்லாத இரண்டு வேட்பாளர்கள் திரையில் வருவார்கள். வயது, படிப்பு, தொழில், ஆணா பெண்ணா என எல்லாவற்றையும் அது தன் போக்கில் மாற்றி மாற்றிப் போடும். இருவரில் யாருக்கு ஓட்டு என்று நாங்கள் கேட்க வேண்டும். நிறையப் பேர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், சனங்கள் வாய்விட்டுச் சொல்லாததும் தெரிந்துவிடுமாம்.

குருவிகுளம் பக்கம் வீடு வீடாக அலைந்தேன். "இவிய எந்த ஊரு? யாரு மக?" என்று கேட்காத வீடில்லை. கற்பனை ஆள் என்றால், "இல்லாத ஆளுக்கு எதுக்கு ஓட்டு?" என்று சிரிப்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனாலும் யோசித்துத்தான் சொன்னார்கள். பெண் வேட்பாளர் வந்தால் மட்டும் ஒரு தயக்கம். வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "நான் போடுவேன் தாயி. ஊரு போடாதுல்லா? எதுக்கு ஓட்ட வீணாக்கணும்?" என்றார். அடுத்த வீட்டிலும் இதே பேச்சு. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆளாளுக்குப் போடுவார்களாம், ஊர் மட்டும் போடாதாம்.

எரிச்சலுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. சங்கரன்கோவிலில் எங்கள் வார்டில் அடுத்த தேர்தலுக்கு நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கணவரிடம் அதுவரை சொல்லவில்லை. என்ன சொல்வாரோ என்ற பயம்தான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, டேப்லெட் சரியாக ஓடுகிறதா பார்க்கணும் என்று சாக்குச் சொல்லி, பயிற்சிக்கான பக்கத்தைத் திறந்து அவரை உட்காரவைத்தேன். மூன்றாவது ஜோடியில் வந்தவள் அசல் நானேதான். நாற்பது வயது, பட்டப்படிப்பு, தையல் தொழில், அரசியல் அனுபவம் இல்லை. எதிரே அதே வயது, அதே படிப்பு, ஓர் ஆண். கேட்பவர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது எங்கள் விதி. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "இந்தப் பொம்பள நல்லாத்தான் செய்யும். ஆனா ஊர்ல போட மாட்டாவ" என்று ஆணின் பக்கம் தொட்டார்.

"ஊர விடுங்க. நீங்க?"

"அதான் தொட்டுட்டேம்லா."

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. விதியாவது ஒன்றாவது. "அந்தப் பொம்பள நாந்தான். வார்டுல நிக்கலாம்னு இருக்கேன்" என்று போட்டு உடைத்தேன்.

அவர் பதறிப்போனார். "ஏட்டி, மொதல்லயே சொல்லப்பிடாதா? இங்கன கொண்டா, மாத்திப் போடுதேன்" என்று கையை நீட்டினார்.

நான் டேப்லெட்டைக் கொடுக்கவில்லை. யாரென்று தெரியாமல் சொன்னதுதான் அவருடைய பதில்.